பஞ்சத்தை எங்கே தேடுவது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876–78) சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களில் நடந்த கஞ்சித் தொட்டிகளும் நிவாரண வேலைகளும் என் தலைப்பு. கூகுளில் எப்படித் தேடினாலும் அதே பத்துக் கட்டுரைகள் வருகின்றன. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தமிழில் தேடினால் அநேகமாக ஒன்றுமில்லை. சாட்ஜிபிடியிடம் நூற்பட்டியல் கேட்டேன். அது தந்த 12 நூல்களில் 7 எந்த நூலகத்திலும் இல்லை. ஆய்வுக்கு இவற்றில் எதை நம்புவது?

ம., சேலம்

அன்புள்ள ம.,

எந்தக் கருவி எதற்குள் தேடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில கருவிகள் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகிய விவரக் குறிப்புக்குள் மட்டும் தேடும். சில, பக்கத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் தேடும். கூகுள் ஸ்காலர், யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கும். சாட்ஜிபிடி இணையத்தைத் திறக்காமல் பதில் சொல்லும்போது எதற்குள்ளும் தேடுவதில்லை. பொருத்தமாகத் தோன்றும் சொற்களை அடுக்கித் தருகிறது. ஆகவே ‘கிடைக்கவில்லை’ என்ற விடைக்கு ஒவ்வொரு இடத்திலும் பொருள் வேறு. உங்கள் தலைப்புக்குச் சான்றுகள் ஏராளம்.

கூகுள், பலரும் இணைப்புக் கொடுக்கும் பக்கங்களை முன்னே தள்ளும். அதே பத்து திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். பொதுச் சொல்லைப் போடாமல் ஓர் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஃபைல்டைப் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் பிடிஎஃப் என்று சேர்த்தால் அறிக்கைகளும் ஆய்வேடுகளும் மேலே வரும்.

உங்களுக்கு முதன்மையான இடம் பழைய நூல்களை வைத்திருக்கும் இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ். லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்ட மேனுவல் என்ற மாவட்ட விவர நூல் (1883), காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காடு மேனுவல் (1881), நிவாரண நிதிக் குழுவின் செயலாளராக இருந்த வில்லியம் டிக்பி இந்தப் பஞ்சம் பற்றி 1878இல் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் ஆகியவற்றை அங்கே தேடுங்கள். அங்கே பலரும் இடறுவது ஒரே இடத்தில்: தேடல் பெட்டி, நாம் மாற்றாதவரை, விவரக் குறிப்புக்குள்தான் தேடும். பெட்டிக்குக் கீழே இருக்கும் தெரிவில் நூலின் உரைக்குள் தேடும்படி மாற்ற வேண்டும். அப்போதுதான் பஞ்சம் என்று தலைப்பிலேயே இல்லாத நூல்கள் அகப்படும். பஞ்சச் சான்றுகளில் பெரும்பகுதி அப்படிப்பட்ட நூல்களில்தான் இருக்கிறது. நிவாரண முகாமில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், போதும் என்றார் இந்திய அரசு பஞ்சத்தைப் பார்வையிட அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள். போதாது என்று வாதாடியவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். ஆகவே சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கைகளையும் உள்ளே புகுந்து தேடியாக வேண்டும்.

இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் இந்த நூல்கள் வாய் திறக்காது. திருப்பத்தூர் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. அதை ‘ட்ரிபட்டோர்’ என்றும் எழுதினார்கள். ஓசூர் ‘ஊஸ்ஸூர்’. செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’. ஒவ்வோர் ஊருக்கும் மூன்று நான்கு ஆங்கில எழுத்துக்கூட்டல்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அதிகாரிகளின் சொல்வழக்கும் அப்படித்தான். ‘ஃபாமின்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஸ்கேர்சிட்டி’ (பற்றாக்குறை) என்றும் ‘டிஸ்ட்ரெஸ்’ (துயரம்) என்றும் எழுதியிருப்பார்கள். வேலை வாங்காமல் கொடுத்த உதவிக்கு ‘கிராட்டுயிட்டஸ் ரிலீஃப்’ என்று பெயர். கஞ்சித் தொட்டிகள் பற்றிய செய்தி இந்தச் சொல்லுக்குக் கீழேதான் நிறையக் கிடைக்கும்.

பக்கப் படத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி (ஓசிஆர்) செய்யும் பிழைகளையும் கணக்கில் வையுங்கள். வரி முடிவில் ஊர்ப்பெயர் இரண்டாக உடைந்திருந்தால் முழுச் சொல் தேடலில் சிக்காது. அட்டவணை எண்கள் பத்தி மாறிக் கலந்துவிடும். சாவு எண்ணிக்கையை உரைப் பிரதியிலிருந்து எடுக்கவே கூடாது, பக்கப் படத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். தமிழ் நூல்களில் நிலைமை இன்னும் மோசம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய ணை, லை, னை, றா, னா ஆகியவற்றை எழுத்துணரி அடிக்கடி தவறாகப் படிக்கிறது. ஆர்க்கைவில் பல ஆண்டுகளுக்கு முன் ஏற்றிய தமிழ் நூல்கள் பலவற்றுக்கு உரைப் பிரதியே இல்லை. பழைய இந்திய மின்னூலகத் திட்டத்திலிருந்து வந்தவற்றில் தலைப்பு ரோமன் எழுத்தில், ஆளுக்கொரு விதமாக இருக்கும். அவற்றைத் தமிழில் தேடினால் வராது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் விவரக் குறிப்பு வழியாகத்தான் தேட உதவும். எனவே நீண்ட தொடரைப் போடாதீர்கள். பஞ்சம், அதற்கான பழைய சொற்களான க்ஷாமம், கருப்பு, பாட்டு வகையான கும்மி, தாது வருஷம், தாது வருடம் என்று குட்டிச் சொற்களாகத் தனித்தனியே தேடுங்கள். கூகுளில் தமிழில் தேடும்போது ‘பஞ்சம்’ என்று மேற்கோள் குறிக்குள் போட்டால் ‘பஞ்சத்தில்’, ‘பஞ்சத்தால்’ விடுபடலாம்; வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

கூகுள் ஸ்காலரைத் தமிழுக்காகத் திறக்காதீர்கள். அதன் பலம் மேற்கோள் சங்கிலி. டிக்பியின் நூலைத் தேடி, அதற்குக் கீழே மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து, அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடும் கட்டத்தைத் தெரிவு செய்து ‘சேலம்’ என்று ஆங்கிலத்தில் போடுங்கள். அரை மணி நேரத்தில் இத்துறையில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்பது ஓரளவு தெளிந்துவிடும். எத்தனை முடிவுகள் என்று அது காட்டினாலும் முதல் 1000ஐத்தான் பார்க்க முடியும், ஆகவே தேடலைக் குறுக்கிக்கொண்டே போங்கள்.

சோத்கங்கா என்ற இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனிக் கோப்புகளாக இருக்கும். முதலில் நூற்பட்டியல் கோப்பை இறக்குங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார் என்பது அதில் இருக்கும், இயல்களைப் பிறகு படிக்கலாம். ஹாத்திடிரஸ்ட் என்ற இணைய நூலகத்தில் சில நூல்களை இந்தியாவிலிருந்து படிக்க இயலாது. அப்படியிருந்தும் உங்கள் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று அது சொல்லிவிடும். அந்தப் பக்க எண்களோடு வேறு பிரதியைத் தேடலாம்.

ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவையும் நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டும் இலவசம், இரண்டிலும் பழைய நாளிதழ்களின் உரைக்குள்ளேயே தேடலாம். 1877இல் சென்னைப் பஞ்சத்துக்காக அங்கேயும் நிதி திரட்டினார்கள், ஆகவே செய்திகள் விரிவாக வந்தன. தந்திச் செய்தி உடனே வந்திருக்கும். கப்பலில் போன கடிதங்கள் வாரக்கணக்கில் தாமதித்துத்தான் அச்சேறும். தேதி வடிகட்டியை 1878 இறுதிவரை நீட்டி வையுங்கள்.

இனி சாட்ஜிபிடி. உங்களுக்குக் கிடைத்த பட்டியல் போன்ற ஒன்றை நம்பித்தான் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். 2023 ஜூனில் 5000 டாலர் அபராதம் விழுந்தது. பொய் நூற்குறிப்பில் ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், இதழும் உண்மையாக இருக்கும், தலைப்பு மட்டும் கற்பனை. அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம். இதழின் தொகுதி எண்ணும் ஆண்டும் பொருந்துகிறதா என்று அந்த இதழின் பொருளடக்கத்திலேயே பாருங்கள். கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ எண் தந்திருந்தால் அதைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் அகப்படாததை நூற்பட்டியலில் சேர்க்காதீர்கள். பழைய எழுத்துக்கூட்டல்களையும் காலத்துச் சொற்களையும் ஊகித்துத் தர மட்டும் அதைப் பயன்படுத்தலாம். அங்கே தவறினால் ஒரு தேடல்தான் வீண்.

எதில் தேடினாலும் தேதி, கருவி, போட்ட சொல் அப்படியே, வடிகட்டி, முடிவுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளமான அபிலேக் படலில் பதிவு செய்துகொண்டு 1876 முதல் 1879 வரை தேடுங்கள். அங்கே கிடைப்பது கோப்புத் தலைப்பு, ஆகவே கிராமப் பெயர் போட்டால் வராது. துறைப் பெயர், மாகாணம், ஆண்டு என்று போகவேண்டும். உங்களுக்கு மிகவும் வேண்டிய வருவாய் வாரிய நடவடிக்கைகளுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும். அங்கே தலைப்பைச் சொல்லிக் கேட்பதைவிட எண்ணையும் தேதியையும் சொல்லிக் கேட்டால் கோப்பு கைக்கு வரும். மேனுவல்கள், டிக்பி, ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் ஆகியவற்றில் கண்ணில் படும் ஒவ்வோர் அரசாணை எண்ணையும் தேதியையும் இப்போதிருந்தே தனி நோட்டில் எழுதி வாருங்கள்.