லிக்விட் கூலர் வாங்குவதற்கு முன்: கேள்வி பதில்

உயர்தர பிராசஸர்களுக்கான ஆல்-இன்-ஒன் லிக்விட் கூலர்கள் (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒரே தொகுப்பாக, திரவத்தால் குளிர்விப்பவை) பற்றி வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் கூலரின் பெயரைத்தான் கேட்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது பிராசஸர் எத்தனை வாட் எடுக்கிறது என்பதையும், கேபினெட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும்தான்.

கேள்வி: கோர் ஐ9-14900கே வாங்கியிருக்கிறேன். 240 போதுமா, 360 வேண்டுமா?

240, 360 என்பவை ரேடியேட்டரின் நீளம், மி.மீட்டரில். இந்தப் பிராசஸருக்கு இன்டெல் குறித்துள்ள அதிகபட்ச டர்போ மின்சக்தி 253 வாட். பல மதர்போர்டுகள் அந்த வரம்பையும் தளர்த்தியே வந்தன. அப்படி விட்டால் 300 வாட்டையும் தாண்டும். மணிக்கணக்கில் ரெண்டரிங் செய்பவர் என்றால் 360-க்குக் குறைந்து போகாதீர்கள். விளையாட்டுக்கு மட்டும் என்றால் சுமை மிகவும் குறைவு, 240-ம் தாங்கும்.

கூலரைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்களில் அதிக வோல்டேஜால் சிப் சேதமடையும் சிக்கல் இருந்தது. அதற்கான மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தம் 2024 ஆகஸ்டு முதல் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டுகளில் வந்தது. அதை முதலில் ஏற்றுங்கள். எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் அந்தச் சேதத்தைத் தடுக்காது.

கேள்வி: என் கேபினெட்டில் 280, 360 இரண்டுமே பொருந்தும். எது நல்லது?

பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 240-க்கு (24×12) 288 சதுர செ.மீ., 280-க்கு (28×14) 392, 360-க்கு (36×12) 432. பெயரில் 240-க்கு அருகில் இருந்தாலும், 280 உண்மையில் 360-ஐ நெருங்கி நிற்கிறது. 280 கிடைக்கும்போது 240-ஐ எடுக்க எனக்கு மனம் வராது. இரண்டுக்கும் இடம் இருந்தால் 360. ஃபேன் தேர்வும் அதில்தான் அதிகம்.

கேள்வி: ரைசன் 9 7950எக்ஸ், 360 கூலர். ஆனாலும் ரெண்டரிங்கில் 95 டிகிரி காட்டுகிறது. கூலர் பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. முழுச்சுமையில் 95 டிகிரிவரை போகும்படியே ஏஎம்டி இதை வடிவமைத்திருக்கிறது. வெப்பத்திலும் மின்சக்தியிலும் இடம் இருக்கும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நல்ல கூலர் போட்டால் அதே 95-இல் சற்றுக் கூடுதல் வேகம் கிடைக்கும். எண் இறங்காமலே இருக்கலாம்.

இன்னொரு காரணம் சிப்பின் அளவு. சாக்கெட் வழியாகப் பிராசஸர் எடுக்கக்கூடிய மின்சக்தியின் வரம்பு 230 வாட். அதில் பெரும்பகுதி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 சதுர மி.மீ. உள்ள இரண்டு சிப்லெட்டுகளிலிருந்து (பிராசஸருக்குள் இருக்கும் சிறு சிப்கள்) வெப்பமாக வெளியேற வேண்டும். நெரிசல் அங்கேதான், ரேடியேட்டரில் அல்ல. சிப்லெட்டுகள் நடுவில் இல்லாமல் ஓரமாக அமைந்திருப்பதால், கூலரைச் சில மி.மீ. தள்ளிப் பொருத்தும் ஆஃப்செட் பிராக்கெட் இருந்தால் பயன்படுத்துங்கள். எண்ணைப் பார்த்தாலே மனம் உறுத்துகிறது என்றால் பயாஸில் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் 105 வாட் எக்கோ மோடைப் போடுங்கள். வெப்பம் வெகுவாக இறங்கும். வேகத்தில் இழப்பது அதைவிடக் குறைவு.

கேள்வி: ரேடியேட்டரை மேலே வைப்பதா, முன்னால் வைப்பதா?

மேலே இடம் இருந்தால் மேலே. காரணம் காற்று. மூடிய கூலருக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும், அது உயரமான இடம் தேடிப் போகும். அந்த இடம் பம்பாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. நண்பர் ஒருவர் ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் வைத்திருந்தார். கணினியை இயக்கியதும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோலக் களகளவென்று சத்தம். மேலே மாற்றியதும் அன்றைக்கே நின்றுவிட்டது. முன்னால் பொருத்துவதானால் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். குழாய் எட்டினால், ரேடியேட்டரில் குழாய் சேரும் முனையைக் கீழ்ப்பக்கமாக வையுங்கள்.

பொருத்துவதற்கு முன் அளந்துவிடுங்கள். வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25, ஆக 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 போன்ற தடித்தவை 38 மி.மீ., ஃபேனோடு 63. அந்த 11 மி.மீ. வித்தியாசத்தில்தான் உயரமான ரேம் இடிக்கும்.

கேள்வி: கசிந்து எல்லாம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கசிவு அரிது. நிச்சயமாக நடப்பது வேறு: குழாயின் சுவர் வழியே திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஆவியாகிக் குறையும், பம்பும் தேயும். ஐந்து ஆண்டுக்குக் குறைந்த உத்தரவாதம் உள்ளதை நான் வாங்குவதில்லை. குறைந்த திரவத்துக்குப் பதில் சாதாரணத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உள்ளே செம்பும் அலுமினியமும் சேர்ந்திருப்பதால் அரிப்புத்தடுப்பான் இல்லாத நீர் அலுமினியத்தை அரிக்கும். பயம் தூக்கத்தைக் கெடுக்குமானால் இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலரே போதும். அதில் கெட்டுப்போகக் கூடியது ஃபேன் மட்டும்தான்.

கேள்வி: பம்பின்மேல் திரை உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

அழகுக்காக என்றால் தாராளமாக. குளிர்ச்சிக்காக என்றால் அந்தப் பணத்தில் பெரிய ரேடியேட்டர் வாங்குங்கள்.

கேள்வி: புதிதாகப் பொருத்தினேன். சுமை கொடுத்ததும் 100 டிகிரி. எங்கே தவறு?

எவ்வளவு நேரத்தில் 100 வந்தது என்று பாருங்கள். திரவம் சூடாகக் கால் மணி நேரமாவது ஆகும். அப்படி மெல்ல ஏறினால் ரேடியேட்டரோ ஃபேனோ போதவில்லை. ஓரிரு நொடியில் ஏறினால் வெப்பம் திரவத்தையே எட்டவில்லை என்று அர்த்தம்; மின்வரம்பு திறந்து கிடக்கிறதா என்பதையும் பயாஸில் பார்த்துவிடுங்கள். பிறகு பம்பின் வயர் சரியான இணைப்பில் இருக்கிறதா, முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் கணினியை அணைத்து, பம்பைக் கழற்றி, செம்புத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியபடியே இருக்கலாம். உரித்துவிட்டு, பிராசஸருக்கும் தட்டுக்கும் இடையில் பூசிய பழைய வெப்பப் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாகத் தடவி, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள்.