கிராவல் சாலையில் கிரேடர் ஓட்டிய ஒரு மாதத்திலேயே மறுபடியும் அலை அலையாகிவிடுவது ஏன்? சரியாகச் செய்வது எப்படி?

நீங்கள் சொன்ன விவரம் இது: கயத்தாறு பக்கத்து ஊர், காற்றாலைகளை ஒட்டிப் போகும் சரள் மண் சாலை, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வருஷத்துக்கு ஒரு தடவை கிரேடர் (நடுவில் நீள பிளேடு வைத்துச் சாலையைச் சீவும் வண்டி) வந்து சமன் செய்துவிட்டுப் போகிறது. ஒரு மாதத்தில் பைக் உதற ஆரம்பிக்கிறது, நடுவில் குழி விழுகிறது. கூடுதலாக மண் கொட்டச் சொல்லி மனு கொடுக்கலாமா, இல்லை ஜேசிபி வைத்து நாமே சரி செய்துகொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி.

மனு கொடுங்கள். ஆனால் "மண் கொட்டுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சாலையை வெட்டி உருவாக்காமல் மேலாகத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். எத்தனை லோடு கொட்டினாலும் அப்படிச் செய்தால் நிற்காது.

நான் கிரேடர் ஆபரேட்டர். இந்த வேலையை ஓமானில் கிராவல் சாலைப் பராமரிப்பில் கற்றுக்கொண்டேன். இப்போது தென்மாவட்டக் காற்றாலைச் சாலைகளில் ஓட்டுகிறேன், உங்கள் பக்கத்து மண் எனக்குப் பழக்கம்.

முதலில் அந்த அலைகள். லாரிதான் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். லாரி தடம் பதிக்கும், பலவீனமான இடத்தில் அமுக்கும், உண்மைதான். ஆனால் குறுக்கே வரி வரியாக விழும் அலைக்கு முக்கியக் காரணம் வேகம். 2007-இல் டொரன்டோ பல்கலைக்கழக இயற்பியலாளர் ஸ்டீபன் மோரிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் சுழலும் மணல் மேடை மேல் ஒரு சின்னச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் இல்லை, எஞ்சினும் இல்லை. அப்படியும் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் மணலில் அலை விழுந்தது. அதற்குக் கீழே மேடை சமமாகவே இருந்தது. உங்கள் சாலையில் போய்ப் பாருங்கள்: வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடம், தார்ச்சாலையில் ஏறுவதற்கு முன்னால் உள்ள முகப்பு, மேட்டில் வண்டியை முறுக்கும் இடம், இங்கேதான் அலை அடர்த்தியாக இருக்கும்.

வேகத்தை நம்மால் முழுதாகக் கட்டுப்படுத்த முடியாது. அதனால் மற்ற இரண்டு காரணங்களைக் கவனிக்க வேண்டும்: மண்ணில் பிடிப்பு இல்லாமை, ஈரம் இல்லாமை.

இப்போது கிரேடர் செய்ய வேண்டிய வேலைக்கு வருகிறேன். அலையின் பள்ளம் 5 செ.மீ. ஆழம் இருந்தால் பிளேடு 5 செ.மீ.க்கும் கீழே இறங்கி வெட்ட வேண்டும். பெரும்பாலும் நடப்பது வேறு. மேட்டை மட்டும் சீவி, அந்த உதிரியைப் பள்ளத்தில் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். பார்க்க அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில் இறுகிப்போன பழைய அலை அப்படியே கிடக்கும். சக்கரம் நாலு நாள் ஓடியதும் உதிரி ஓரத்துக்குத் தெறித்துவிடும், பழைய அலை அதே இடத்தில் எழுந்து நிற்கும். குழிக்கும் இதே கதைதான். சொத்தைப் பல்லைக் குடையாமல் மேலே சிமெண்ட் வைத்தால் எப்படி நிற்காதோ, அப்படித்தான் குழியின் விளிம்பை வெட்டாமல் உள்ளே கொட்டிய மண்ணும் நிற்காது. குழியின் அடிவரை சாலையைக் கிளறி, பழைய மண்ணோடு கலந்து, மறுபடி பரப்பி இறுக்க வேண்டும்.

தரை பிளேடுக்கு மசியாத அளவுக்கு இறுகியிருந்தால் ரிப்பர் பற்களை, அதாவது தரையைக் கிளறும் இரும்புப் பற்களை, இறக்கலாம். உங்கள் ஊரில் இதில் ஒரு ஆபத்து உண்டு. சரளுக்கு அடியில் கரிசல். சரள் 15 செ.மீ. கனம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பல் 20 செ.மீ. இறங்கினால் கரிசல் மேலே வந்து கலந்துவிடும். முதல் மழையிலேயே சாலை சோப்புக்கட்டியாக வழுக்கும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் வேலைக்கு முன்னால் கடப்பாரையால் நாலைந்து இடங்களில் தோண்டி, சரள் எவ்வளவு கனம் இருக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும். இதைச் செய்யாமல் ரிப்பரைத் தொடும் ஆபரேட்டரை நான் நம்ப மாட்டேன்.

வேகம் கிரேடருக்கும் பொருந்தும். மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். வேகம் கூடினால் வண்டி குதிக்கும், பிளேடும் சேர்ந்து குதிக்கும், கிரேடரே புது அலையை வெட்டி வைத்துவிட்டுப் போகும். மணிக்கணக்கு வாடகை என்பதால் வேலை கொடுத்தவர்கள் "சீக்கிரம் சீக்கிரம்" என்று துரத்துவார்கள். அந்த இடத்தில் ஆபரேட்டர் மசியக் கூடாது. பிளேடின் கோணம் 30 முதல் 45 டிகிரி இருந்தால் மண் பிளேடு முகத்தில் உருண்டு கலந்தபடி ஓரமாக வெளியேறும். அந்த உருளல் முக்கியம், சல்லியும் பொடியும் அதில்தான் மறுபடி ஒன்று சேர்கின்றன. முன்சக்கரங்களை மண் வெளியேறும் பக்கமாகச் சாய்த்தால் வண்டி இழுபடாமல் நேராகப் போகும்.

அப்புறம் ஈரம். காய்ந்த சரளை எவ்வளவு அழகாகப் பரப்பினாலும் அது இறுகாது. உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் காய்ந்த சாலையில் கிரேடர் ஓட்டுவது சாலைக்குச் செய்யும் கெடுதல். சல்லிகளைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பொடி மண்தான். கிளறிவிட்ட பொடியை வண்டிகள் கிளப்பும், ஆடிக்காத்து அதைப் பக்கத்துக் காட்டுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது பிடிப்பில்லாத கல், அது பைக்காரர்களைச் சறுக்கி விழ வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, சாலை மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் மார்கழி, தை மாதம்தான் பெரிய வேலைக்குச் சரியான நேரம். சித்திரையில் கோடை மழை பெய்தால் மறுநாளே மேலாக ஒரு ஓட்டு ஓட்டலாம். வேறு மாதத்தில்தான் செய்ய முடியும் என்றால் தண்ணீர் டேங்கர் கிரேடர் கூடவே நிற்க வேண்டும். மண்ணைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், உள்ளங்கையில் சேறு ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் பரப்பி ரோலர் விட்டால் சாலை நிற்கும்.

அடுத்தது உருவம். நான் இந்தப் பதிலை எழுதுவதே இதற்காகத்தான் என்று சொல்லலாம். கிராவல் சாலையைச் "சமன்" செய்யக் கூடாது. சமமான கிராவல் சாலை என்றால் தண்ணீர் தேங்கும் சாலை, தண்ணீர் தேங்கினால் குழி. நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிய வேண்டும். இதைத்தான் கேம்பர் என்கிறோம். இந்தியச் சாலை காங்கிரஸின் கிராமச் சாலை விதிகள் கிராவல் சாலைக்கு மழை குறைந்த பகுதியில் 3.5 சதவீதம், மழை மிகுந்த பகுதியில் 4 சதவீதம் என்கின்றன. 4 சதவீதம் என்றால் உங்கள் 6 மீட்டர் சாலையில் நடுக்கோட்டுக்கும் ஓரத்துக்கும் 12 செ.மீ. வித்தியாசம். இதை நீங்களே சோதிக்கலாம். நடுவில் தரையோடு ஒரு கயிற்றைப் பிடித்து, ஓரம்வரை மட்டக்கோல் வைத்துக் கிடைமட்டமாக இழுத்து, ஓரத்தில் கயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்தால் போதும். 10 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அதைக் காட்டித் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். அதற்காக 6, 7 சதவீதம் ஏற்றிவிடவும் கூடாது. அப்போது எல்லா வண்டியும் நடுவிலேயே ஓடும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கப் பயப்படுவார்கள்.

நடுவிலிருந்து ஓரம்வரை சரிவு நேர்கோடாக இருக்க வேண்டும், ஆமை முதுகு மாதிரி வளையக் கூடாது. வளைந்தால் நடுப்பகுதி தட்டையாகி அங்கே குழி விழும். உங்கள் சாலையில் நடுவில்தான் குழி என்கிறீர்கள், அதனால் இதைச் சந்தேகிக்கிறேன். காரணம் பெரும்பாலும் பிளேடின் கட்டிங் எட்ஜ், அதாவது மண்ணை வெட்டும் அடிவிளிம்புப் பட்டி. அது எப்போதும் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நடுவில் தேய்ந்த எட்ஜை வைத்துக்கொண்டு எவ்வளவு கைதேர்ந்த ஆபரேட்டராலும் நேர்ச்சரிவு வெட்ட முடியாது. வண்டி வந்ததும் பிளேடுக்கு அடியில் ஒரு நேரான பட்டியை வைத்துப் பாருங்கள். நடுவில் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால் எட்ஜை மாற்றச் சொல்லுங்கள்.

ஓரமும் அதே அளவு முக்கியம். சக்கரம் வீசிய சரள் ஓரத்தில் போய்ச் சேரும், அதில் புல் முளைக்கும், வருஷா வருஷம் அந்த வரப்பு உயரும். கேம்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணீர் அந்த வரப்பில் முட்டி, வாய்க்காலுக்குப் போகாமல் சாலையோரத்திலேயே ஓடும், அரித்து இன்னொரு வாய்க்காலையே உண்டாக்கும். சரள் போதவில்லை என்று சொல்லப்படும் பல சாலைகளில் சரள் அந்த வரப்பில்தான் புதைந்திருக்கிறது. முதல் ஓட்டில் அதை வெட்டி நடுவுக்கு இழுக்க வேண்டும். புல் கட்டிகளைப் பொறுக்கி வெளியே போட வேண்டும், சாலைக்குள் மக்கினால் அந்த இடம் பொத்தலாகும். இழுத்த மண்ணை நடுவில் நீளக் குவியலாக ராத்திரி விட்டுவிட்டுப் போகவே கூடாது. விளக்கில்லாத சாலையில் ரெண்டு சக்கர வண்டிக்காரர் அதில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அன்று திறந்ததை அன்றே பரப்பி இறுக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் கனம் போதவில்லை என்றால்தான் புது மண். "அண்ணாச்சி, மேல ரெண்டு லோடு தட்டி லெவல் பண்ணி விட்டுருங்க" என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிலோமீட்டர், 6 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம் என்றால் 600 கன மீட்டர், கிட்டத்தட்ட 212 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). அதுவும் இறுகிய அளவு. லாரியில் வரும் உதிரி மண் அதைவிடக் கால் பங்காவது கூடுதலாக வேண்டும்.

எந்த மண் என்பதில் இன்னும் கவனம் வேண்டும். தார்ச்சாலைக்கு அடியில் போடும் ஜிஎஸ்பி கலவையை மேல்தளமாகக் கொட்டினால் நிற்காது. அடியில் போடும் கலவை தண்ணீரை வடியவிட வேண்டும் என்பதால் அதில் களித்தன்மை குறைவாக இருக்கும். மேல்தளத்துக்குக் கொஞ்சம் களி இருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா பக்கத்து கிராவல் சாலைகளுக்கான கையேட்டில் மேல்தள மண்ணின் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் (களித்தன்மையைக் காட்டும் எண்) 4 முதல் 12 வரை என்று வைத்திருக்கிறார்கள். குறைந்தால் உதிர்ந்து அலை விழும், கூடினால் மழையில் வழுக்கும். களி வேண்டும் என்பதற்காகக் கரிசலையோ கண்மாய்க் கரம்பையையோ இஷ்டத்துக்குக் கலக்காதீர்கள், அவை ஈரத்தில் உப்பும். நல்ல சிவப்புச் சரள், பெரிய கல் 40 மி.மீ.க்கு மேல் போகாமல், பொடியும் சேர்ந்து வந்தால் போதும். பெரிய கல் இருந்தால் பிளேடு அதைக் கொத்தி இழுத்துச் சாலையில் கோடு போடும்.

வளைவில் கேம்பர் இருக்கக் கூடாது, வெளிப்பக்கம் உயர்ந்து, அங்கிருந்து உள்பக்கம்வரை சாலை முழுக்க ஒரே சரிவாக இருக்க வேண்டும். காற்றாலை இறக்கை ஏற்றி வரும் நீள டிரெய்லர்களுக்கு அந்தச் சரிவு திடீரென்று மாறக் கூடாது. தரைப்பாலத்துக்கும் தார்ச்சாலை முகப்புக்கும் வரும்போது கேம்பரை மெல்ல மெல்லத் தட்டையாக்கிச் சேர்க்க வேண்டும்.

ஜேசிபி? வாய்க்கால் தோண்டவும் வரப்பு வெட்டவும் அது நல்ல வண்டி. ஆனால் அதன் முன்வாளி முன்சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வாளியும் இறங்கும், அதனால் தரை தாளம் போடும். கிரேடரில் பிளேடு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது பிளேடு அதில் ஒரு பங்குதான் ஏறி இறங்கும். நீளமான வண்டி நேரான தளத்தை உண்டாக்குவது அதனால்தான்.

இடைப்பட்ட மாதங்களில் ஊர்க்காரர்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1890-களில் அமெரிக்காவின் மிசூரியில் வார்டு கிங் என்ற விவசாயி, பிளந்த மரத்துண்டுகளைச் சட்டமாகக் கட்டி, மழைக்குப் பிறகு குதிரைகளை வைத்துத் தன் வீட்டு மண்சாலையில் சாய்வாக இழுத்தார். அந்த முறை அப்புறம் அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குப் பரவியது. நீங்கள் டிராக்டருக்குப் பின்னால் பழைய இரும்பு கர்டர் இரண்டைச் சங்கிலியில் கட்டி, கொஞ்சம் சாய்வாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு மண் வரும்படி இழுக்கலாம். மழை விட்ட மறுநாள், மெதுவாக. ஆழமான அலையை இது எடுக்காது, புதிதாக உருவாகும் அலையைத் தடுக்கும்.

மனுவில் எழுத வேண்டியது இதுதான்: மார்கழி, தையில் வேலை. அலையின் அடிவரை வெட்ட வேண்டும், ஓர வரப்பை இழுத்துச் சேர்க்க வேண்டும், 4 சதவீத கேம்பர், வாய்க்கால் தூர்வாரல். தண்ணீர் டேங்கரும் ரோலரும் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். கிரேடர் வாடகை மட்டும் போட்ட மதிப்பீடு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தோண்டிப் பார்த்த கனமும் கயிறு வைத்து அளந்த கேம்பரும் கிடைத்தால் இங்கே கருத்தில் எழுதுங்கள், புது மண் எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.