பைக் எஞ்சினில் லேசாக ஆயில் கசிகிறது. மெக்கானிக்கிடம் போகாமல் வீட்டிலேயே சரி செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்னால் கசிவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும், வேலையில் பாதி அதுதான். எண்ணெய் தெரிகிற இடம் ஒன்று, புறப்படுகிற இடம் வேறொன்று. வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், நின்றால் கீழே இறங்கும், கடைசியில் எஞ்சினுக்கு அடியில் எது தாழ்வாக இருக்கிறதோ அதன் முனையில் வந்து சொட்டும். அங்கே அநேகமாக டிரெயின் போல்ட், அதாவது ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட், இருக்கும். உடனே அதைப் பிடித்து பலம் கொண்ட மட்டும் முறுக்குவார்கள், அலுமினிய மரை போய்விடும், சும்மா இருந்த போல்ட்டுக்கு லேத் பட்டறைச் செலவு வந்து சேரும்.

நான் காரைக்குடிக்காரன். எங்கள் பக்கம் இதில் கூடுதல் தொல்லை செம்மண் புழுதி. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் உள்ரோடுகளில் ஒரு வாரம் ஓட்டினால் போதும், கசிந்த எண்ணெயில் புழுதி அப்பி, வெயிலில் இறுகி, எஞ்சின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாகத் தடித்துவிடும். அந்தக் கோலத்தில் எந்த மெக்கானிக் பார்த்தாலும் ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

தேவகோட்டையில் இருக்கிற என் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் ஆனது. ஸ்பிளெண்டர் வண்டி. ஒரு பட்டறையில் பார்த்துவிட்டு ஹெட்டை, அதாவது சிலிண்டரின் தலைப்பகுதியை, பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "அண்ணே, பழைய வண்டிக்கு இவ்வளவு செலவு பண்ணணுமா, வித்துரலாமா?" என்று வந்து நின்றான். முதலில் கழுவுவோம்டா என்றேன். கழுவிக் காயவிட்டு பவுடர் தூவி ஓட்டிப் பார்த்தால், ஹெட்டின் மேல் பக்க டேப்பெட் மூடியின் (வால்வு இடைவெளி சரிசெய்யத் திறக்கும் மூடி) விளிம்பில் மட்டும் ஒரு ஈரக்கோடு. அந்த எஞ்சினில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருப்பதால், மேல் மூடியில் கசிவது ஹெட்டின் இரண்டு பக்கமும் வழிந்து, ஹெட்டும் சிலிண்டர் பிளாக்கும் சேரும் இடத்தை நனைத்து, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போனது போலவே காட்டும். மூடிக்குள் இருந்த ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் தட்டையாகிக் கல்லாக இறுகியிருந்தது. புது ரிங்கை எண்ணெய் தடவிப் போட்டு மூடியதோடு சரி. ஓ ரிங் விலை சில ரூபாய்தான்.

அந்தப் பவுடர் வித்தையை விவரமாகச் சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறியபின் மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் பனியன் வேஸ்ட். பெட்ரோலில் கழுவ வேண்டாம், வீட்டு முகப்பில் வைத்துச் செய்கிற வேலைக்கு அது ஆபத்து. ஃபின்களுக்கு நடுவில், கியர் லீவருக்குப் பின்னால், செயின் கவருக்குள் இருக்கிற எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டை (செயினை இழுக்கும் பற்சக்கரம்) சுற்றி என்று ஒரு இடம் விடாமல் தேயுங்கள், அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்ததும் சந்தேகப்படும் பக்கத்தில் முகத்துக்குப் போடும் சாதாரணப் பவுடரை ஒரு துணியில் வைத்துத் தட்டித் தட்டிப் படிய வையுங்கள். வண்டியை நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சில் எண்ணெய் கறுப்புக் கோடாக இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல் நுனி, முன் நுனி, அதுதான் கசிவின் தலை. கீழே எவ்வளவு நனைந்திருந்தாலும் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கசிவது எஞ்சின் ஆயில்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தைச் சுற்றித் தெறித்திருப்பது பல நேரம் செயினுக்கு அளவுக்கு மீறி அடித்த எண்ணெய். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு வளையமாக எண்ணெய் நின்றால் அது ஃபோர்க் சீல் (சீல் என்றால் எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையம்), அது வேறு கதை.

இடம் தெரிந்தாலும் உடனே எதையும் பிரிக்காதீர்கள். ஆயில் அளவு, பிரீதர் டியூப், இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். நிறையப் பேர் "கொஞ்சம் கூட ஊத்தினா எஞ்சினுக்கு நல்லதுதானே" என்று டிப்ஸ்டிக் கோட்டுக்கு மேலே ஊற்றி வைத்திருப்பார்கள். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து அளக்க வேண்டும். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகி இறுக்கி எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் வடித்துக் குறையுங்கள், சில கசிவு அதோடு நின்றுவிடும்.

பிரீதர் டியூப் என்பது எஞ்சின் மூச்சு விடுகிற வழி. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உள்ளே அடைபடும் காற்றும் புகையும் அதன் வழியாகத்தான் வெளியேறும். அது மடங்கியோ அடைத்தோ போனால், வெயிட் அடைத்த குக்கரில் ஆவி ரப்பரைப் பிதுக்கிக்கொண்டு வருவது போல, எண்ணெய் எந்த சீல் இளகியிருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிகள் நிறைய, ஆள்கள் வெளியூரிலிருந்து திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வந்தால்தான் வண்டியை எடுப்பார்கள். அப்படி நின்ற வண்டியில் திறந்து தொங்கும் குழாய் எதிலும் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். டியூபைக் கழற்றி ஊதிப் பாருங்கள், தாராளமாகக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். இதைப் பார்க்காமல் புது சீல் போட்டால் அதுவும் சீக்கிரமே கசியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கசிந்தால்தான் ஸ்பானர்.

டிரெயின் போல்ட்தான் என்று உறுதியானால், அடுத்த ஆயில் மாற்றும்போது வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அந்தச் செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கித்தான் எண்ணெயை அடைக்கும், ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக உட்காராது. கையால் முழுக்க முறுக்கிவிட்டு ஸ்பானரில் இறுக்கம் பிடித்தபின் கொஞ்சம், அவ்வளவுதான்.

கியர் ஷாப்ட் சீல், கிக்கர் ஷாப்ட் சீல். அதிகம் கசிவது இவைதான், வீட்டில் தைரியமாகச் செய்யக்கூடியதும் இவைதான். கியர் லீவர் போல்ட்டைக் கழற்றி லீவரை எடுத்தால், பல வண்டிகளில் சீல் வெளியிலேயே தெரியும், சிலவற்றில் ஒரு கவரைக் கழற்ற வேண்டும். சீலின் முகத்தில் மூன்று எண் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். அதை எழுதிக்கொண்டு போனால் கடையில் வண்டி பெயர் கூடச் சொல்ல வேண்டாம். பழைய சீலில் ஒரு சிறிய மர ஸ்குரூவை ஓரமாகத் திருகி, இடுக்கியால் ஸ்குரூவைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஷாப்டிலோ சீல் உட்காரும் குழியின் சுவரிலோ கீறல் விழக் கூடாது, விழுந்தால் புது சீலும் அந்தக் கீறல் வழியாகக் கசியும். இப்போது கவனிக்க வேண்டியது, ஷாப்டின் முனையில் லீவர் பிடிப்பதற்காக வெட்டியிருக்கும் பற்கள். புது சீலை அப்படியே அதன்மேல் தள்ளினால் சீலின் மெல்லிய உதடு கிழிந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. பால் பாக்கெட் கவரில் ஒரு துண்டு வெட்டிப் பற்களின்மேல் சுற்றுங்கள், அதில் எண்ணெய் தடவுங்கள், சீலின் உதட்டிலும் தடவுங்கள், ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்க்க நுழையுங்கள். பிளாஸ்டிக்கை உருவிவிட்டு, சீலின் விளிம்பு அளவுக்குச் சரியான ஒரு பாக்ஸ் ஸ்பானரை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். வேலை முடியும் வரை வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட வேண்டாம், எண்ணெய் எல்லாம் இடது பக்கம் வந்து நிற்கும். ஆயில் மாற்றும் நாளில் வடித்துவிட்டே இதைச் செய்வது உத்தமம்.

எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சீலுக்கும் இதே முறைதான். ஆனால் அது கெட்டால் செயினை அளவுக்கு மீறி இறுக்கி ஓட்டினார்களா என்று பாருங்கள். நடுவில் தொட்டுத் தூக்கினால் சுமார் 25 மில்லிமீட்டர் ஆட வேண்டும். விறைப்பாக இருந்தால் ஷாப்டை இழுத்து பேரிங்கையும் சீலையும் தின்றுவிடும்.

கிளட்ச் கவர் பேக்கிங் (கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்) கொஞ்சம் பொறுமை கேட்கும். கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த ஓட்டையில் எடுத்ததோ அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கி எஞ்சின் கேஸை (வெளிக்கூட்டை) உடைத்த வண்டிகள் உண்டு. பழைய காகிதப் பேக்கிங்கை ஸ்குரூ டிரைவரால் நோண்டாதீர்கள், டீசலில் ஊறவிட்டு மழுங்கிய பிளேடால் படுக்கை வாக்கில் சுரண்டுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கசிவை அடைக்க கேஸ்கெட் பேஸ்ட் அப்புவது பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. எண்ணெய் கசிகிற இடத்தில் வெளியிலிருந்து பூசினால் பிடிக்கவே பிடிக்காது, எண்ணெய்ப் படலத்தின்மேல் எதுவும் ஒட்டாது. உள்ளே தாராளமாகப் பூசினால் இன்னும் மோசம், கவரை இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்குவது பின்னால் துண்டு துண்டாக உதிர்ந்து ஆயில் வலையில் போய் அடைக்கும். அப்புறம் பம்புக்கு எண்ணெய் போகாது, ஹெட்டில் வால்வைத் திறக்கிற கேம் தேயும். சொட்டு ஆயில் மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினே போகும்.

அதே போல, கசிவை நிறுத்தக் கெட்டியான ஆயிலோ காருக்கான ஆயிலோ ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பைக்கில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் நனைந்து சுற்றுகிறது. டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்க வேண்டும், எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறி அது. பல கார் ஆயில்களில் வழுக்கலுக்கான மருந்து கலந்திருக்கும், கிளட்ச் வழுக்கும்.

எதற்கு மெக்கானிக்கிடம் போக வேண்டும் என்றால், ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்திலேயே கோடு தொடங்கினால், கேஸில் விரிசல் இருந்தால், நாலைந்து இடத்தில் ஒரே சமயத்தில் கசிந்து சைலன்சரில் நீலப் புகையும் வந்தால். கடைசியில் சொன்னது பிஸ்டன் ரிங் தேய்ந்ததன் அடையாளம், சீல் மாற்றிப் பயனில்லை. ஃபோர்க் எண்ணெய் பிரேக்கில் இறங்கினாலோ, எஞ்சின் எண்ணெய் பின் டயரில் பட்டாலோ, அது சின்னக் கசிவாக இருந்தாலும் வண்டியை ஓட்ட வேண்டாம், தள்ளிக்கொண்டே போங்கள்.

வடித்த பழைய ஆயிலை கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஊர்களில் தெருவில் ஓடும் மழைத்தண்ணீர் கடைசியில் ஊருணிக்குத்தான் போகிறது, கொல்லையில் ஊற்றினாலும் அதே கதிதான்.

முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் வண்டிக்கு அடியில் தடித்த அட்டை போடாமல் எதையும் தொடங்காதீர்கள். அது சிமெண்டுக் கல், எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சிந்திவிட்டால் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் பரவும். உடனே மரத்தூளோ பவுடரோ கொட்டி ஊறவிட்டு அள்ளுங்கள், இரண்டு மூன்று தடவை மாற்றிப் போடுங்கள். ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சிமெண்டை அரித்துப் பூவும் நிறமும் போய்விடும்.