பீர் நொதிகலனில் எத்தனை நாள் இருக்க வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: ஏல் (அறை வெப்பத்தில் நொதிக்கும் பீர் வகை) போட்டு ஏழு நாள் ஆகிறது. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பான்) குமிழி நின்றுவிட்டது. பாட்டிலில் அடைக்கலாமா?

பதில்: பொறுங்கள். குமிழியை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு அந்த வழியே போய்விடும், ஏர்லாக் சும்மா கிடக்கும். நொதித்து முடிந்த பீரிலும் அறை சூடானால் கரைந்திருந்த வாயு குமிழியாக வரும். ஹைட்ரோமீட்டரில் (பீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி; தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும்) இன்று ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை அளந்து பாருங்கள். 1.050-ல் தொடங்கியது 1.012-க்கு இறங்கி, இரண்டு முறையும் அங்கேயே நின்றால் நொதித்தல் முடிந்தது. 18 முதல் 22 டிகிரி செல்சியஸில் வைத்த ஏலுக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 நாள் பிடிக்கும்.

அளக்கும்போது வாயுக் குமிழிகள் கருவியில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும், எண் கூடுதலாகத் தெரியும். தண்டை விரலால் ஒரு சுழற்று சுழற்றி, குமிழிகள் உதிர்ந்ததும் கண்மட்டத்தில் வைத்துப் படியுங்கள். அளந்த பீரைத் திரும்பக் கலனில் ஊற்றாதீர்கள். குடித்துப் பாருங்கள், அதுவும் பரிசோதனைதான்.

கேள்வி: எண் நின்றுவிட்டது, ஆனால் வெண்ணெய் வாசனை அடிக்கிறதே?

பதில்: அது டயசெட்டில் என்ற வேதிப்பொருள். ஈஸ்ட் வேலை செய்யும்போது உண்டாகிறது, அப்புறம் அதே ஈஸ்ட்தான் அதைத் தின்று தீர்க்கிறது. வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டி, இன்னும் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பச்சை ஆப்பிள் வாசனைக்கும் இதே மருந்துதான். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் பீரை மூடிய கிளாஸில் ஊற்றி, 60 டிகிரி வெந்நீரில் கால் மணி நேரம் வைத்து, ஆறியதும் முகருங்கள். வெண்ணெய் வாசனை தெரிந்தால் பீர் இன்னும் தயாராகவில்லை.

கேள்வி: பீர் நான்கு வாரமாக அடியில் படிந்த ஈஸ்ட் வண்டல் மேலேயே கிடக்கிறது. கெட்டிருக்குமா?

பதில்: இல்லை. சுத்தமாக மூடிய கலனில் நான்கு வாரம் பயப்படும் காலமே அல்ல.

கேள்வி: அப்படியானால் இரண்டாவது கலனுக்கு மாற்றவே வேண்டாமா?

பதில்: சாதாரண ஏலுக்கு வேண்டாம். மாற்றும்போது காற்று பட்டு, நனைந்த அட்டை போன்ற சுவை வந்துவிடும். பல மாதம் ஊறவைக்கிற பீர் என்றால் வேறு கதை.

கேள்வி: 1.022-லேயே பத்து நாளாக நிற்கிறது. அடைத்துவிடட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். எதில் அளந்தீர்கள்? ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) என்றால், ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது எண்ணைக் கூட்டிக் காட்டும். ஹைட்ரோமீட்டரும் அதையே சொன்னால் கலனை மெதுவாக ஆட்டி, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கிளப்பி, இரண்டு மூன்று டிகிரி கூடுதல் சூட்டில் வையுங்கள். மிச்ச சர்க்கரையோடு அடைத்தால் பாட்டில் வெடிக்கும். ஒருமுறை நான் அவசரப்பட்டு அடைத்து, நடுராத்திரியில் அலமாரிக்குள் மூன்று பாட்டில் வெடித்தன. ஒரு கண்ணாடித் துண்டு மரக்கதவில் குத்தி நின்றது. அந்த நேரம் யாராவது கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

கேள்வி: லாகருக்கும் (குளிரில் நொதிக்கும் பீர் வகை) இதே கணக்கா?

பதில்: இல்லை. 10 டிகிரி அளவில் ஈஸ்ட் நிதானமாகத்தான் வேலை செய்யும். இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். முடிகிற தறுவாயில் சில நாள் 16 டிகிரிக்கு ஏற்றி, பிறகு உறையும் நிலைக்குச் சற்று மேலே நான்கு வாரமாவது குளிரில் வையுங்கள்.