பிரசவ வலி வரவைக்கும் ஊசி ஒருத்திக்கு உடனே பிடிக்கிறது, இன்னொருத்திக்கு ஏன் பிடிப்பதில்லை?

டர்பன் சுற்றுவட்டாரத் தமிழ்ப் பெண்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பிரசவ வார்டில் பணிபுரியும் செவிலி ஒருவர் பதில் தருகிறார்.

சிஸ்டர், மகளுக்கு 41 வாரம். டிரிப்ஸில் வலி வரவைக்கும் ஆக்சிடோசின் ஏற்றி ஆறு மணி நேரமாகியும் வலி ஏறவில்லை. பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு அதே மருந்தில் ஒரு மணிக்குள் வலி பிடித்துவிட்டது. மருந்தில் கோளாறா? (சாட்ஸ்வர்த்)

மருந்து ஒன்றுதான் அம்மா, அதை வாங்கிக்கொள்ளும் கருப்பைதான் வேறு. தசைச் செல்லின் மேல் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளில் ஒட்டினால்தான் ஆக்சிடோசின் வேலை செய்யும். கர்ப்பமில்லாத கருப்பையோடு ஒப்பிட்டால், ஏற்பிகள் 32 வாரத்தில் ஏறத்தாழ 100 மடங்காகவும், வலி தொடங்கும் சமயத்தில் 300 மடங்காகவும் பெருகுகின்றன. பெருக வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் சுருங்க, அவற்றுக்கிடையே வேண்டிய இணைப்புகளைக் கூட்டுவதும் அதுதான். புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் இரண்டையும் அடக்கிவைக்கும். உங்கள் மகளின் உடல் அந்த அடக்கத்திலிருந்து இன்னும் முழுதாக விடுபடவில்லை போலும். கர்ப்பப்பை வாய் கெட்டியாக இருக்கும்போது டிரிப்ஸ் மட்டும் ஏற்றினால் பெரும்பாலும் இப்படித்தான் இழுக்கும். கர்ப்பப்பை வாய் எவ்வளவு தயார் என்று கணிக்கும் பிஷப் மதிப்பெண் 6 அல்லது அதற்குக் கீழே என்றால், முதலில் புரோஸ்டாகிளாண்டின் மருந்து வைத்து வாயை இளக்குவதுதான் முறை. மதிப்பெண் எவ்வளவு என்று வார்டில் கேளுங்கள்.

குறைமாதப் பிரசவம் ஆகாமலிருக்க இரவில் புரொஜெஸ்டிரோன் மாத்திரை உள்ளே வைக்கிறேன். நிறுத்தினால் உடனே வலி வந்துவிடுமா? (டொங்காட்)

வராது. ஆட்டிலும் எலியிலும் ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் சரிந்த பிறகுதான் பிரசவம் தொடங்கும். மனிதரில் நஞ்சுக்கொடி வெளியேறும்வரை அளவு உயர்ந்தே இருக்கும். மாறுவது அதைக் கேட்கும் ஏற்பிதான்: 'பி' வகையை 'ஏ' வகை விஞ்சும்போது, ஹார்மோன் இருந்தும் அதன் பேச்சு எடுபடாது. கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கியவர்களுக்குத் தினம் 200 மி.கி. தருவது வழக்கம். ஒன்று நினைவிருக்கட்டும்: தொடங்கிவிட்ட வலியை இது நிறுத்தாது.

பயிற்சி செவிலி நான். ஆக்சிடோசின் வேகத்தை ஏன் 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கூட்டச் சொல்கிறார்கள்? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ரத்தத்தில் அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் நேரம்) சில நிமிடங்கள்தான். ஆனால் கருப்பையின் பதில் ஒரு நிலைக்கு வர அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் கூட்டினால் முந்தைய அளவின் பலனைப் பார்க்காமலே அடுத்ததை ஏற்றுகிறீர்கள். 500 மி.லி. சலைனில் 5 யூனிட் கலந்தால் மி.லி.க்கு 10 மில்லி யூனிட். நிமிடத்துக்கு 2 மில்லி யூனிட் என்றால் மணிக்கு 12 மி.லி. பத்து நிமிடத்தில் மூன்று, நான்கு வலி வந்ததும் கூட்டுவதை நிறுத்துங்கள். ஐந்துக்கு மேல் போனால் டிரிப்ஸை அடைத்து, இடப்பக்கம் படுக்கவைத்து, குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்து, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வெறும் டெக்ஸ்ட்ரோஸ் நீரில் கலக்காதீர்கள். ஆக்சிடோசின் சிறுநீரைத் தடுக்கும் குணமுடையது. அளவு கூடினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகும். வாயை இளக்க மிசோப்ரோஸ்டால் மருந்து கொடுத்திருந்தால் கடைசி வேளையிலிருந்து 4 மணி நேரம் காத்திருங்கள், இரண்டும் சேர்ந்தால் கருப்பை மிதமிஞ்சிச் சுருங்கும். இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள்: மணிக்கணக்கில் ஏற்றினால் ஏற்பிகள் செல்லுக்குள் ஒடுங்கிவிடும். பிரசவமானதும் கருப்பை தளர்ந்து ரத்தம் கொட்ட அதுவும் ஒரு காரணம். நீண்ட டிரிப்ஸ் ஓடிய தாய்க்கு, வழக்கமான 10 யூனிட் ஆக்சிடோசின் போட்டதோடு நகர்ந்துவிடாமல் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பக்கத்து வீட்டு ஜூலு அம்மா, ஒன்பதாம் மாதம் இசிஹ்லம்பேசோ என்ற மூலிகைக் கஷாயம் குடித்தால் சுகப்பிரசவம் என்கிறார். மாமியாரோ பப்பாளியே கூடாது என்கிறார். (ஃபீனிக்ஸ்)

அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் வேண்டாம். அந்தக் கஷாயத்தில் சேரும் அகபாந்தஸ், கிளிவியா போன்ற செடிகளின் சாறு எலியின் கருப்பைத் தசையைச் சுருக்குவது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. ஒரு குவளையில் எவ்வளவு வீரியம் என்று காய்ச்சுபவருக்கே தெரியாது. ஒன்பதாம் மாதக் கருப்பையோ ஏற்பிகள் நிறைந்து, சிறு தூண்டலுக்கும் எகிறத் தயாராக இருக்கிறது. ஏற்கெனவே குடித்திருந்தால் வெட்கப்படாமல் வார்டில் சொல்லிவிடுங்கள், அதன்மேல் டிரிப்ஸும் சேர்ந்தால் ஆபத்து. மாமியார் சொல்வதில் பாதி சரி: காய்ப் பப்பாளியின் பாலுக்குக் கருப்பையைச் சுருக்கும் குணம் உண்டு, நன்கு பழுத்த பழத்துக்கு இல்லை. சுக்குக் காப்பி குடிக்கலாம்.

இரண்டாவது பிள்ளை. பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிறு பிழிகிறது. தலைப்பிரசவத்தில் இப்படி இல்லையே? (ஸ்டேங்கர்)

குழந்தை உறிஞ்சும்போது சுரக்கும் ஆக்சிடோசின்தான் கருப்பையைச் சுருக்குகிறது. அடுத்தடுத்த பிரசவத்தில் இந்த வலி கூடுவது வழக்கம், சில நாளில் அடங்கும். பால் கொடுக்குமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். அரை மணி முன்பு பாராசிட்டமால் போடலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.