"பலருன்னா எத்தனை பேரு?"

கேள்வி: பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி அடிக்கடி உயர்வாக எழுதுகிறீர்கள். களத்துக்குப் போய்ச் செய்தி எடுக்கும் பெண்கள் டி.வி. சேனல்கள் வந்த பிறகு வந்தவர்கள்தானே? அதற்கு முன் கோலமும் சமையல் குறிப்பும்தானே எழுதினார்கள்?
- வாசகர், தக்கலை

பதில்: தவறு. வை.மு. கோதைநாயகி 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கியது 1925-ல். உங்கள் தக்கலை திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே, அதே சமஸ்தானத்தில், அன்னா சாண்டி 'ஸ்ரீமதி' என்ற இதழை நடத்தினார். பிறகுதான் அவர் நீதிபதி. 1965 போரில், அனுப்ப மாட்டேன் என்று ஆசிரியர் மறுத்ததும், லீவு போட்டுவிட்டுப் போர்முனைக்கே போய்ச் செய்தி அனுப்பியவர் பிரபா தத்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் குமரி மாவட்டத்திலேயே ஓர் அக்கா இருந்தார். நான் அறிந்து, இங்கே ஊர் ஊராகப் போய்ச் செய்தி எடுத்த முதல் பெண். பெயரைப் போடுவதில் அவருக்குச் சம்மதம் இருந்ததில்லை. இப்போதும் அதை மீற மனமில்லை. மொத்தம் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன்.

முதல் முறை வடசேரி பஸ் ஸ்டாண்டில். நான் கல்லூரி மாணவன். அவர் திருநெல்வேலி பஸ் கண்டக்டரிடம் செய்திக் கவரைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிய விபத்துச் செய்தியை நீட்டினேன். ஒரு வரியில் விரலை வைத்தார். "பலர் காயம்னு போட்டிருக்கியே மக்ளே, பலருன்னா எத்தனை பேரு? ஆஸ்பத்திரிக்குப் போனியா?" போகவில்லை. அன்றைக்குக் கூசிய கூச்சம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது, சுனாமிக்கு மறுநாள், மணக்குடியில். மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலம் பிய்ந்து கிடந்தது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் மாவட்டம்தான். எல்லாரும் எண்ணிக்கை கேட்டு ஓடிக்கொண்டிருந்தோம். அக்கா, சேலை முழங்கால்வரை நனைந்திருக்க, மணலில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பெயர், அப்பா பெயர், வயது, வீட்டுப் பட்டப்பெயர், அடையாளம் காட்டியவர். பட்டப்பெயர் எதற்கு என்று கேட்டேன். "கடப்புறத்துல ஒரே பேருல பத்து பேரு இருப்பாவ. வெறும் பேரப் போட்டா எந்த வீட்ல அழணும்னு எப்டித் தெரியும்?"

மூன்றாவது, 2017-ல் ஒக்கி புயலுக்குப் பிறகு, சின்னத்துறையில். அக்கா வேலையை விட்டு வெகுநாளாகியிருந்தது, பத்திரிகை எதுவும் அவரை அனுப்பவில்லை. தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் கொச்சி போன்ற வெளித் துறைமுகங்களிலிருந்தும் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். போனது யார், திரும்பாதது யார் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். கோயில் முற்றத்தில் பெண்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அதே மாதிரி கோடு போட்ட நோட்டு. புதிதாக ஒரு கட்டம்: 'எந்தத் துறைமுகம்'.

போன மாதம் காலமானார்.

சமையல் குறிப்பும் எழுதியிருக்கிறார், ஐயா. மீன் புளிமுளத்துக்குப் புளி எவ்வளவு என்று அளவு போடாமல் அவர் எழுதியதே இல்லை.