2147483647 பகா எண்தான், தப்பு உங்க லூப்ல இருக்கு

காலேஜ் முதல் வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். ஜாவால பகா எண் பாக்குற ப்ரோக்ராம் எழுதிருக்கார், சின்ன எண்ணுக்கெல்லாம் கரெக்டா சொல்லுது, 2147483647 குடுத்தா மட்டும் கொஞ்ச நேரம் ஓடிட்டு "பகா எண் இல்ல"ங்குது, ஆனா புத்தகத்துல பகா எண்ணுன்னு போட்டிருக்கு, எது சரின்னு.

புத்தகம்தான் சரி தம்பி. உங்க லூப் 2ல ஆரம்பிச்சு, வகுக்குற எண்ணோட வர்க்கம் 2147483647ஐ தாண்டுற வரைக்கும் ஓடணும். ஆனா இன்ட்-ல (ஜாவால முழு எண் வைக்கிற சாதாரண வகை) வைக்க முடியுற பெரிய எண்ணே அதுதான், அதை எப்படி தாண்டும்? 46340 வரைக்கும் பிரச்சனை இல்ல, அடுத்து 46341ஓட வர்க்கம் 2147488281, இன்ட்-ல அடங்காது, சுத்திப்போய் மைனஸ்ல விழுந்துடும், கண்டிஷன் எப்பவுமே உண்மையாவே இருக்கும். லூப் ஓடி ஓடி கடைசில 2147483647க்கே வந்து தன்னாலேயே வகுத்து, மீதி 0ன்னு பாத்து "இல்ல"ன்னு சொல்லிடுது. வர்க்கம் எடுக்காம, எண்ணை வகுக்குற எண்ணால வகுத்து வர்ற ஈவோட ஒப்பிடுங்க, 46341லயே நின்னுடும்.

சரி, ப்ரோக்ராமை நம்பாம கையால பாக்க முடியுமா? முடியும், 1772லயே கணித மேதை ஆய்லர் முடிச்சுட்டார், அதுவும் ரெண்டு கண்ணும் கிட்டத்தட்ட தெரியாத நிலைமைல. எனக்கு இத எத்தனை தடவை படிச்சாலும் சிலிர்க்கும். 46341க்குள்ள 4792 பகா எண் இருக்கு, அத்தனையும் அவர் வகுக்கல. இந்த எண் 2^31 - 1. ஒரு பகா எண் இதை வகுத்தா, அதால 2ஓட அடுக்குகளை வகுக்கும்போது வர்ற மீதி 31 அடிக்கு ஒரு தடவை திரும்ப 1க்கு வரும், அப்ப அந்த பகா எண்ணுல 1 கழிச்சா 31ஓட மடங்கா இருந்தே ஆகணும். அந்த பகா எண் ஒற்றை எண்ங்கிறதால, 1 கழிச்சா இரட்டை, அப்ப 62ஓட மடங்கு. அதோட இன்னொரு விதிப்படி அந்த பகா எண்ணை 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 தான் வரணும். ரெண்டையும் சேத்தா 248ஆல வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர்ற பகா எண்கள் மட்டும்தான் மிச்சம். மொத்தம் 84.

நீங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. 63, 249 ரெண்டும் 3ஆல போகும், விட்டுடலாம். முதல்ல நிக்கிறது 311, வகுத்தா மீதி 35. அடுத்து 497, 559ன்னு வரிசையா எல்லாம் கழிஞ்சு 1303 வரும், மீதி 226. இப்படியே 84ம் போட்டா ஒண்ணுகூட மீதி இல்லாம வகுக்காது.

இன்னொண்ணு, இன்ட்டோட கடைசி எண்ணுங்கிறதுக்கும் பகா எண்ணுங்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல. இன்ட்டை விட பெரிய எண் வைக்கிற வகையான லாங்கோட கடைசி எண் 2^63 - 1, 63 வந்து 3ஓட மடங்குங்கிறதால 2^3 - 1, அதாவது 7, அதை வகுத்துடும். லாங்குக்கு மாத்தி திருத்தினதும் 9223372036854775807ஐ குடுத்துப் பாருங்க, சட்டுன்னு "இல்ல"ன்னு வரணும்.